அழித்தெழுதிய இலக்கங்கள்

ஒரு ரயில் எஞ்சின் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை அதன் உருவமே சொல்லிவிடும். அந்த இனத்திலே அது எந்த எஞ்சின் என்பதைச் சொல்ல வல்லதோ, ஓட்டுநர் நிற்கும் அறையின் பக்கவாட்டில் தீட்டப்பெற்ற இலக்கம் ஒன்றே. பிரிட்டனில் லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேக்காக வில்லியம் ஸ்டேனியர் வகுத்த, ரயில்வேக்காரர்கள் 'பிளாக் ஃபைவ்' என்று அழைத்த எஞ்சின்கள் 1934 முதல் 1951 வரை 842 கட்டப்பட்டன. அவற்றுள் பெயர் சூட்டப்பெற்றவை மிகச் சிலவே. மற்றவை எல்லாம் எண்ணையே பெயராகக் கொண்டு, மழையிலும் பனியிலும் சரக்கையும் பிரயாணிகளையும் இழுத்து, நீராவி யுகம் முடிந்தபோது பெரும்பாலும் இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த எஞ்சினைச் சில அங்குல நீளமே உள்ள பிளாஸ்டிக் உடலில் மறுபடி சிருஷ்டித்து விற்கும் தொழிற்சாலை, 842 எண்களில் ஏதோ ஒன்றைத் தேர்ந்து அதையே ஆயிரக்கணக்கான உருவங்களில் அச்சிட்டு அனுப்புகிறது. வாங்கிய மனிதர் தம் மேஜைமேல் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, அந்த அச்செண்ணைப் பழுதின்றி நீக்கிவிட்டு, தமக்கு வேண்டிய வேறோர் எண்ணை அங்கே பதிக்கிறார். வெளிப் பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இந்தக் கைவேலைக்கு ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு என்பதும், அந்தச் சரித்திரம் பிரிட்டிஷ் ரயில்வேயின் சரித்திரத்தோடும் அச்சுத் தொழிலின் சரித்திரத்தோடும் பின்னிக் கிடக்கிறது என்பதும் பலர் கருதிப் பார்க்காத விஷயங்கள்.

எண்ணை அழித்து வேறு எண் எழுதும் வழக்கம் மாதிரி ரயில்களில் தோன்றியதன்று. அது மெய்யான ரயில்வேயிலேயே தோன்றியது. 1923-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரிட்டனில் நூற்றுக்கு மேற்பட்டு இருந்த ரயில்வே கம்பெனிகளைச் சட்டம் நான்கு பெரிய கம்பெனிகளாக இணைத்தபோது, வெவ்வேறு கம்பெனிகளில் ஒரே எண்ணைத் தாங்கி ஓடிய எஞ்சின்கள் ஒரே குடும்பத்தில் வந்து சேர, அவற்றுள் குழப்பம் நேராதிருக்கும் பொருட்டு எண்களை மாற்றவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. அதே ஆண்டில் டான்காஸ்டர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த, உலகமே அறிந்த 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' எஞ்சினின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம். 1472 என்ற எண்ணோடு பிறந்த அது, 1924-இல் வெம்ப்ளி சாம்ராஜ்யக் கண்காட்சிக்குப் போகும் முன் 4472 ஆயிற்று. 1946-இல் லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே தன் எஞ்சின்கள் அனைத்துக்கும் புதுவரிசை வகுத்தபோது, சில மாதங்களுக்கு 502 ஆகவும் பிறகு 103 ஆகவும் மாறியது. ரயில்வேக்கள் நாட்டுடைமை ஆன பின்னர் 60103 என்று அழைக்கப்பட்டது. 1963-இல் தனியார் ஒருவர் அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியபோது மறுபடியும் 4472 என்ற பழைய எண்ணையே பூண்டது. உடலும் சக்கரமும் பெரிதும் ஒன்றாயிருக்க, எண் மட்டும் ஐந்து முறை மாறியது. ஆகவே எஞ்சினின் எண்ணைப் படித்தவன், அது எந்த எஞ்சின் என்பதோடு எந்தக் காலத்து எஞ்சின் என்பதையும் ஒருங்கே அறிந்துகொண்டான்.

1948 ஜனவரி முதல் நாள் நான்கு கம்பெனிகளும் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்ற ஒரே அரசாங்க ஸ்தாபனமாயின. முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஓர் எழுத்தை எண்ணுக்கு முன்னே சேர்த்து எழுதிச் சமாளித்தார்கள். அதன் பிறகு நிலையான ஏற்பாடு வந்தது: தெற்கு ரயில்வேயின் பெரும்பாலான எண்களோடு 30,000, லண்டன் மிட்லண்டின் எண்களோடு 40,000, வடகிழக்கின் எண்களோடு 60,000 கூட்டப்பட்டன. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் எஞ்சின்கள் மட்டும் பழைய எண்களையே வைத்துக்கொண்டன. அந்தக் கம்பெனி தன் எண்களை வண்ணத்தால் எழுதவில்லை. பித்தளையில் வார்த்துத் தகடாக அறைந்திருந்தது. வண்ணத்தை ஒரு பகலில் மாற்றிவிடலாம். வார்த்த தகடுகளை ஆயிரக்கணக்கில் கழற்றி எறிந்து புதியன வார்ப்பதோ வீண்செலவு. எண் எதனால் ஆக்கப்பட்டது என்பதே அது நிலைக்குமா மாறுமா என்பதை முடிவு செய்கிறது என்ற நியதியை இங்கே முதன்முறையாகச் சந்திக்கிறோம். பின்னால் மாதிரி ரயில்களின் உலகத்திலும் இதே நியதிதான் ஆட்சி செய்யப் போகிறது.

இந்த இலக்கங்களின்மேல் சாதாரண ஜனங்களுக்குப் பற்று உண்டாகும்படி செய்தவர் இயன் ஆலன். லண்டன் வாட்டர்லூவில் தெற்கு ரயில்வேயின் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த இந்த இளைஞர், எஞ்சின்களைப் பற்றிக் கேட்டுப் பொதுமக்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதி எழுதிச் சலித்து, அந்த ரயில்வேயின் எஞ்சின் எண்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரு சிறு புஸ்தகமாக 1942-இல், யுத்தத்தின் நடுவே, தாமே வெளியிட்டார். அது உடனே விற்றுத் தீர்ந்தது. மற்றக் கம்பெனிகளுக்கும் அத்தகைய புஸ்தகங்கள் வந்தன. அடுத்த இருபது ஆண்டுகள் பிளாட்பாரங்களின் கோடியிலும் பாலங்களின்மேலும் பென்சிலும் நோட்டுமாக நின்ற பையன்கள், கண்ணால் கண்ட எண்களைப் புஸ்தகத்திலே அடிக்கோடிட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவனுக்குத் தன் ஊர் ஷெட்டில் தினமும் காலை நின்ற ஓர் எஞ்சின், உலகத்தில் மற்ற 841 எஞ்சின்களையும்விட அருமையானது. அவன் வளர்ந்து, உத்தியோகம் பெற்று, மாதிரி ரயில் ஒன்று வாங்கிய நாளில், கடையில் கிடைத்த எஞ்சினின்மேல் அந்த எண் இல்லை. எண்ணை அழிக்கும் கலை உயிர்பெற்றதற்கு இதைவிட ஆழமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடையில் கிடைத்தவை எத்தகையவை என்பதையும் பார்ப்போம். லிவர்பூலில் மெக்கானோ கம்பெனியை நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி, முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1920-இல் சாவி கொடுத்து ஓடும் பொம்மை ரயில்களை விற்கத் தொடங்கினார். அவருடைய ஆரம்ப கால எஞ்சின்களுள் ஒரு வகைக்கு எந்தக் கம்பெனியின் நிறத்தைப் பூசினாலும் 2710 என்ற ஒரே எண்தகடுதான் பொருத்தப்பட்டது. குழந்தைக்கு ரயில் போதும், எண் அலங்காரம் என்பதே அக்காலத்துக் கருத்து. தகர வண்டிகளிலோ நிலைமை இன்னும் கடினம். தட்டையான தகரத்தின்மேல் நிறம், பலகைக் கோடு, கம்பெனிப் பெயர், எண் ஆகிய எல்லாவற்றையும் லித்தோ முறையில் அச்சிட்டு, சூளையில் உலர்த்தி, அதன் பிறகே வெட்டி மடித்து வண்டியாக்கினார்கள். இங்கே எண் வேறு, வண்டி வேறு அல்ல. எண்ணைச் சுரண்டினால் நிறமும் வந்துவிடும், அடியில் வெறுந்தகரம் பளபளக்கும். ஆகவே அந்தத் தலைமுறை ஆர்வலர் செய்யக்கூடியது ஒன்றே: வண்டி முழுவதையும் சுத்தமாகத் தேய்த்து, முதலிலிருந்து வண்ணம் பூசி, மெல்லிய தூரிகையால் எண்ணைத் தம் கையாலேயே எழுதுவது. 1910-இல் லண்டனில் தொடங்கிய மாடல் ரயில்வே கிளப்பிலும், 1925-இல் தொடங்கிய 'மாடல் ரயில்வே நியூஸ்' சஞ்சிகையின் வாசகர்களிடையிலும், இவ்வாறு எழுதும் கை படைத்தவர்கள் மிகுந்த மரியாதைக்கு உரியவர்களாக இருந்தார்கள்.

1938-இல் ஹார்ன்பி கம்பெனி, அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற சிறிய அளவில் 'ஹார்ன்பி டப்லோ' என்ற புதிய வரிசையை வெளியிட்டது. அதில் இரண்டு எஞ்சின்கள் வந்தன. ஒன்று, காற்றைக் கிழிக்கும் வடிவுடைய ஏ4 இனத்து 'சர் நைஜல் கிரெஸ்லி', எண் 4498; மற்றொன்று, லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் வடிவத்தைத் தழுவிய சிறு டாங்க் எஞ்சின். இந்தச் சிறு எஞ்சினை ஒரே அச்சிலே வார்த்து, நான்கு கம்பெனிகளின் நிறத்தையும் எழுத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றிப் பூசி விற்றார்கள். அதாவது நால்வரில் மூவருக்கு அது தம் ரயில்வேயில் ஒருநாளும் ஓடாத எஞ்சின். யுத்தம் முடிந்து 'சர் நைஜல் கிரெஸ்லி' திரும்ப வந்தபோது, மெய்யான எஞ்சின் 1946-இல் பெற்ற புதிய எண்ணாகிய 7-ஐத் தாங்கி வந்தது. 1953-இல் அதே வார்ப்பு 'சில்வர் கிங்' என்ற பெயரோடும் 60016 என்ற எண்ணோடும் வெளிவந்தது. தொழிற்சாலையே தன் வார்ப்புக்கு எண் மாற்றிக் காட்டியதைக் கண்ட வாங்குபவர், அதையே தாமும் ஏன் செய்யக்கூடாது என்று எண்ணியதில் ஆச்சரியம் இல்லை. ஏ4 இனத்தில் கட்டப்பட்டவை 35. கடையில் ஒரு சமயத்தில் கிடைத்ததோ ஒன்று.

டப்லோ எஞ்சினின் உடல் உலோக வார்ப்பு. அதன் எண்களோ அச்சடித்தவை அல்ல, தண்ணீரில் நனைத்து ஒட்டி மேலே வார்னிஷ் பூசிய டிரான்ஸ்பர்கள். முன்பு தகரத்தின் சருமமாகவே இருந்த எண், இப்போது வண்ணத்தின்மேல் ஒட்டிய ஒரு மெல்லிய தோலாகிவிட்டது. வார்னிஷை மிருதுவாக்கினால் அந்தத் தோல் எழுந்துவரும். அடியிலுள்ள சூளையில் சுட்ட வண்ணம் அசையாது. வெந்நீரில் ஊறிய துணி, கொஞ்சம் ஸ்பிரிட், தீக்குச்சியைச் சீவிய முனை, பொறுமை ஆகிய இவையே அக்காலத்துக் கருவிகள். உலோக உடல் ஸ்பிரிட்டையும் தின்னரையும் தாங்கியதால், வேலை தவறினாலும் எஞ்சின் பிழைத்துக்கொண்டது. முழு வண்ணத்தையும் நீக்கி மறுபடி பூசலாம் என்ற தைரியம் எப்போதும் இருந்தது.

அந்தத் தைரியத்தைக் குலைத்தது பிளாஸ்டிக். 1950-இல் ரோவெக்ஸ் என்ற கம்பெனி 'பிரின்சஸ் எலிசபெத்' என்ற எஞ்சினை, 46201 என்ற எண்ணோடு, பிளாஸ்டிக் உடலில் வெளியிட்டது. அடுத்த ஆண்டுகளில் அந்த வரிசை ட்ரை-யாங் என்ற பெயரில் பெருகி, விலைமலிவால் நாட்டின் வீடுகளை எல்லாம் எட்டியது. முதலில் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் கோணிக்கொண்டதால், பாலிஸ்டிரீன் அதன் இடத்தைப் பிடித்தது. கறுப்பு எஞ்சினுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக்கே போதும். மேலே வண்ணம் பூசவேண்டியதில்லை. டப்லோவில் தேர்ந்த கைகள், பழைய வழக்கப்படி கடையில் வாங்கிய செல்லுலோஸ் தின்னரைப் பஞ்சில் தோய்த்துத் துடைத்தபோது, எண்ணோடு சேர்ந்து எஞ்சினின் பக்கமும் கரைந்து குழம்பாயிற்று. எந்தத் திரவம் எந்தப் பொருளை உண்ணும் என்ற ரசாயன ஞானம் இந்தப் பொழுதுபோக்குக்குள் அவசியமாக நுழைந்தது இப்போதுதான். செல்லுலோஸ் தின்னரும் அசிட்டோனும் பாலிஸ்டிரீனுக்கு எமன். வெள்ளை ஸ்பிரிட்டும் எனாமல் தின்னரும் அளவோடு தொட்டால் பெரும்பாலும் தீங்கு செய்யா. மெத்திலேட்டட் ஸ்பிரிட் பிளாஸ்டிக்கை விட்டுவிடும், ஆனால் அக்ரிலிக் வண்ணத்தை இளக்கும். இந்தப் பாடத்தை ஒரு தலைமுறை தன் எஞ்சின்களைப் பலிகொடுத்துக் கற்றது.

அழிப்பது பாதி வேலை. அழித்த இடத்தில் எழுதுவது மறுபாதி. 1950-இல் நிறுவப்பட்ட ஹிஸ்டாரிக்கல் மாடல் ரயில்வே சொஸைட்டி, ஒவ்வொரு கம்பெனியின் எழுத்துருவையும் ஆதாரங்களோடு ஆராய்ந்து வெளியிட்ட டிரான்ஸ்பர் தாள்களால் இந்தக் குறையைத் தீர்த்தது. அவற்றில் ஒருவகையை இடத்தில் வைத்து அழுத்தி, முதுகிலுள்ள காகிதத்தை நனைத்து எடுக்கவேண்டும். மற்றொரு வகையை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்த திரவத்தால் ஒட்டவேண்டும். இரண்டாவது கடினம், ஆனால் எண்ணைச் சுற்றிக் கண்ணாடிபோன்ற விளிம்பு தெரியாது. 1961-இல் லெட்ராசெட் கம்பெனி, தேய்த்தால் உதிர்ந்து ஒட்டும் உலர்ந்த எழுத்துக்களைச் சித்திரக்காரர்களுக்காக விற்கத் தொடங்கியபோது, ரயில் ஆர்வலர்களும் அவற்றைப் பயன்படுத்தத் தயங்கவில்லை.

எழுத்துரு என்பது இங்கே ஒரு சிறு விஷயம் அல்ல. லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே 1929-இல் எரிக் கில் வரைந்த கில் சான்ஸ் எழுத்தைத் தன் விளம்பரங்களுக்கும் பலகைகளுக்கும் ஏற்றுக்கொண்டது. நாட்டுடைமைக்குப் பின் பிரிட்டிஷ் ரயில்வேஸும் அதையே எஞ்சின் எண்களுக்குக் கொண்டது. எண்ணின் உயரம் பொதுவாக 8 அங்குலம். ஆனால் கிளாஸ்கோவின் செயின்ட் ரோலாக்ஸ் தொழிற்சாலையில் மராமத்து ஆகி வந்த எஞ்சின்களுக்கு 10 அங்குல எண் எழுதினார்கள். 4 மில்லிமீட்டர் அளவில் இவை சுமார் 2.7 மில்லிமீட்டரும் 3.3 மில்லிமீட்டரும் ஆகின்றன. அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இந்த வித்தியாசத்தைக் கண்டு, 'இது ஸ்காட்லாந்தில் இருந்த எஞ்சின்' என்று மூன்றடி தூரத்திலிருந்தே சொல்லிவிடும் மனிதர்கள் உண்டு. அவர்களுக்கு ஒப்பும்படி செய்வதே இந்த வேலையின் தர்மம்.

1970-களில் அச்சுத் தொழில் மறுபடி ஒரு திருப்பம் கண்டது. ஸ்விட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில், எண்வட்டங்களின்மேல் நுண்ணிய எழுத்துக்களைப் பதிக்க ஜெலட்டின் பொதியால் ஒற்றும் முறை நெடுங்காலமாக இருந்தது. 1960-களில் மேற்கு ஜெர்மனியில் அந்த ஜெலட்டினுக்குப் பதிலாகச் சிலிக்கோன் ரப்பர் பொதியை அமைத்து, அதை யந்திரத் தொழிலாக்கினார்கள். எஃகுத் தகட்டிலே எண்ணின் வடிவத்தைச் சிறு பள்ளமாக அரித்து, அதில் மையை நிரப்பி, மேற்பரப்பின் மையைக் கத்திபோன்ற விளிம்பால் வழித்துவிட, பள்ளத்தில் தங்கிய மையை மிருதுவான பொதி ஒற்றி எடுத்து, எஞ்சினின் பக்கத்தில், ஆணித் தலைகளின் மேடுபள்ளத்தையும் அனுசரித்துப் பதித்துவிடும். டாம்போ என்று தொழிலில் வழங்கும் இம்முறையைக் கொண்டு, 1976-இல் பலிடாய் கம்பெனி மெயின்லைன் என்ற பெயரில் ஹாங்காங்கில் செய்வித்து விற்ற எஞ்சின்கள், கை தேர்ந்த ஓவியனும் பொறாமைப்படும் நுட்பத்தோடு எல்லைக்கோடுகளும் எண்களும் பெற்று வந்தன. சில ஆண்டுகளுக்குள் ஏனைய கம்பெனிகளும் அதே வழியைப் பின்பற்றின. இந்தப் பூரணத்துவமே ஆர்வலருக்கு ஒரு புதிய சங்கடமும் ஆயிற்று: முன்போல் முழு எஞ்சினையும் தேய்த்து மறுவண்ணம் பூசினால், தம் கையால் ஒருபோதும் திரும்ப வரையமுடியாத கோடுகள் அழிந்துபோகும். ஆகவே மற்ற எதையும் தொடாமல் ஐந்து இலக்கங்களை மாத்திரம், முடிந்தால் அவற்றிலும் இரண்டை மாத்திரம், நீக்கும் வித்தை தேவைப்பட்டது. எண் நீக்கல் ஒரு தனிக்கலையாக முதிர்ந்தது இந்தக் காலத்திலேதான்.

அந்த வித்தையைச் சற்றே அருகில் சென்று காண்போம். டாம்போ மையின் கனம் சில மைக்ரான்களே. அதன் அடியிலுள்ள வண்ணமும் அதைவிடச் சில மடங்குதான் கனம். முதலில் நாலு பக்கமும் ஒட்டுநாடாவால் வேலி கட்டி, கோடுகளைப் பாதுகாக்கிறார்கள். பிறகு பல்குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவி, எனாமல் தின்னரில் தொட்டு, அதிகமானதைக் காகிதத்தில் ஒற்றிவிட்டு, எண்ணின்மேல் மட்டும் வைத்து, மை இளகும்வரை சில விநாடிகள் காத்திருந்து, கனமின்றிச் சுரண்டுகிறார்கள். மரம் மையைவிடக் கடினம், வண்ணத்தைவிட மென்மை. உலோகக் கத்தி அந்த வித்தியாசத்தை அறியாது. வேறு சிலர் மோட்டார் கார்களின் மங்கிய நிறத்தை மீட்க உதவும் டி-கட் என்ற திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து வட்டமாகத் தேய்க்கிறார்கள். அதிலுள்ள மிக நுண்ணிய அரப்பொடி மையைப் படிப்படியாக மெலிவிக்கும். பஞ்சில் எண்ணின் நிறம் படிவது வெற்றியின் அறிகுறி. எஞ்சினின் நிறம் படிந்தால் உடனே நிறுத்திவிடவேண்டும். ஆணித் தலைகளும் தகட்டின் ஓரங்களும் முதலில் தேயும் இடங்களாதலால், அங்கே விரலின் பாரம் பாதியாகக் குறையவேண்டும். இதை எந்தக் கருவியும் கற்பிக்காது, விரலே கற்கவேண்டும்.

எண் போன பிறகும் அதன் ஆவி போவதில்லை என்பதே இந்தக் கலையின் பெருந்துன்பம். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், அழிந்த 45305 அதே இடத்தில் மங்கலாகத் தெரியும். இதற்குக் காரணங்கள் பல. மை உலரும்போது அடிவண்ணத்தைச் சிறிது கடித்திருக்கலாம். பல ஆண்டு வெளிச்சத்தில் சுற்றுப்புற நிறம் வெளுத்திருக்க, எண்ணின் நிழலிலிருந்த பகுதி மட்டும் ஆதிநிறத்தோடு நின்றிருக்கலாம். தேய்த்த இடம் மற்ற இடங்களைவிடப் பளபளப்பாகி, அந்தப் பளபளப்பே எண்ணின் உருவத்தைக் காட்டிக்கொடுக்கலாம். பரிகாரமும் உண்டு. பக்கத்தகடு முழுவதையும் சமமாக மெருகேற்றி, அதன்மேல் பளபளப்பான வார்னிஷைப் பூசி, புதிய எண்ணை ஒட்டி, அது உலர்ந்த பின் மங்கல் வார்னிஷால் எல்லாவற்றையும் ஒன்றாக மூடவேண்டும். முதலில் பளபளப்பான பூச்சு ஏன் என்றால், மங்கலான பரப்பின் நுண்குழிகளில் காற்று தங்கி, டிரான்ஸ்பரின் விளிம்பை வெள்ளிபோல் மின்னச் செய்துவிடும். கடைசியில் புகைக்கரியின் சாயலைத் தெளித்து எஞ்சினை உழைப்பாளியாக்கினால், எஞ்சிய ஆவியும் அழுக்கில் மறைந்துவிடும். மேலும், புத்திசாலிகள் அழிக்கவேண்டியதைக் குறைக்கும் எண்ணையே தேர்வார்கள்: கிடைத்த எண்ணில் முதல் மூன்று இலக்கங்களை வைத்துக்கொண்டு, கடைசி இரண்டை மட்டும் மாற்றினாலே தம் ஊர் ஷெட்டின் எஞ்சின் கிடைக்குமா என்று பழைய ஷெட் பதிவுகளைப் புரட்டுவார்கள்.

கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களுக்கோ இந்தப் பாடுகள் பெரும்பாலும் இல்லை. மெய்யான எஞ்சினில் எண் பித்தளைத் தகடாயிருந்ததால், மாதிரியிலும் மெல்லிய பித்தளையில் ரசாயனத்தால் அரித்துச் செய்த தகட்டை, அச்சிட்ட எண்ணின்மேலேயே ஒட்டிவிடலாம். மாறாமல் நின்றது என்ற காரணத்தாலேயே அந்தக் கம்பெனியின் எண் மாற்றுவதற்கு எளிதாயிற்று.

எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சரக்கு வண்டிகளின் தேவை இன்னும் பெரிது. யுத்தத்துக்குப் பின் நிலக்கரி ஏற்ற பிரிட்டனில் 16 டன் எஃகு வண்டிகள் லட்சக்கணக்கில் கட்டப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. கடையில் வாங்கிய இருபது வண்டிகளைக் கோத்து ஒரு நிலக்கரி ரயில் ஓட்டுபவரின் கண்ணில், இருபதும் ஒரே எண்ணைச் சுமந்து செல்வதைப்போல் உறுத்துவது வேறு இல்லை. அங்கே முழுச் சுத்தம் தேவையில்லை. வண்டிகளின் எண் மெய்யாகவே அழுக்கேறி, ஒட்டுப்போட்ட கறுப்புச் சதுரத்தின்மேல் எழுதப்பட்டிருந்ததால், கடைசி ஓர் இலக்கத்தைச் சுரண்டி மாற்றினாலே போதும். இந்தத் தேவையை உணர்ந்த உற்பத்தியாளர்கள், மூன்று வண்டிகளை மூன்று எண்களோடு ஒரே பெட்டியில் விற்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான்.

எண்ணை மாற்றினால் கதை முடிந்தது என்று நினைப்பவர், இந்த வேலையின் உண்மையான கடமையை உணராதவர். எண் என்பது ஒரு பிரமாணம். பிளாக் ஃபைவ் இனத்தில் 5000 முதல் 5224 வரையுள்ள முதல் 225 எஞ்சின்கள், கொதிகலனின் முதுகில் குமிழ் இல்லாமல் பிறந்தவை. 5225 முதல் குமிழோடு பிறந்தவை. மராமத்துக்கு வரும்போது கொதிகலன்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியதால், குமிழ் இல்லாமல் பிறந்த எஞ்சின் பத்தாண்டு கழித்துக் குமிழோடு ஓடியதும் உண்டு. ஆகையால் 45020 என்று எழுதத் துணிந்தவர், அந்த எஞ்சின் தாம் காட்ட விரும்பும் ஆண்டில் எந்தக் கொதிகலனோடும், கரியும் தண்ணீரும் சுமக்கும் எந்த டெண்டர் வண்டியோடும் இருந்தது என்பதை, தேதி குறித்த புகைப்படத்தால் நிச்சயித்துக்கொள்கிறார். டெண்டரின் விஷயத்தில் லண்டன் மிட்லண்ட் கம்பெனியே இந்தப் பாடத்தைக் கற்றது. ஆரம்பத்தில் பெரிய எண்களை டெண்டரின் பக்கத்தில் எழுதிவந்த அந்தக் கம்பெனி, டெண்டர்கள் எஞ்சின் மாறியபோதெல்லாம் எண்ணும் தவறான எஞ்சினோடு போவதைக் கண்டு, 1928-இல் எண்ணை ஓட்டுநர் அறையின் பக்கத்துக்கு மாற்றியது. எண்ணுக்கும் உடலுக்கும் உள்ள சம்பந்தம் பொய்யாகக்கூடாது என்பதில் மெய்யான ரயில்வேக்கும் மாதிரி ரயில்வேக்கும் ஒரே கவலைதான்.

டீசல் யுகத்திலும் இந்தக் கவலை ஓயவில்லை. 1968 ஆகஸ்டில் பிரிட்டனின் பொது ரயில்பாதைகளில் நீராவி முடிந்தது. 1970-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் கணக்குக்காக எஞ்சின்கள் எல்லாம் வகுப்பெண்ணோடு கூடிய ஐந்து இலக்க எண்களைப் பெற்றன. டி1500 என்று பிறந்த எஞ்சின் 47401 ஆயிற்று. 512 கட்டப்பட்ட அந்த 47-ஆம் வகுப்பில், ரயில்பெட்டிகளைச் சூடாக்கும் மின்சார ஏற்பாடு பொருத்தப்பட்டால் எண் மாறும். வேறு மாறுதல் செய்தால் மறுபடி மாறும். ஒரே எஞ்சின் மூன்று நான்கு எண்களைக் கண்டதால், அந்த வகுப்பை நேசிப்பவர்களுக்கு எண் நீக்கல் வருஷாந்தர வழக்கமே ஆகிவிட்டது.

இந்தக் கலைக்கு எதிரிகளும் உண்டு. அவர்கள் வாதத்தை அலட்சியம் செய்வது நியாயம் அல்ல. பழைய டப்லோ எஞ்சின்களைப் பெட்டியோடு சேமிப்பவர்கள், தொழிற்சாலை ஒட்டிய எண்ணே சரித்திர சாட்சியம் என்றும், அதை அழிப்பது ஒரு கால கட்டத்தின் தொழில்திறனை அழிப்பதே என்றும் சொல்கிறார்கள். 1938-இன் டப்லோ எஞ்சின் ஒன்றைப் பொறுத்தவரை நான் அவர்கள் பக்கம்தான். அந்தப் பொருள் இப்போது ஒரு ரயிலின் மாதிரியாக இருப்பதைவிட, ஒரு பொம்மைத் தொழிலின் எச்சமாகவே மதிப்புப் பெறுகிறது. ஆனால் இன்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டு வரும் எஞ்சினுக்கு அந்த நியாயம் பொருந்தாது. தொழிற்சாலை தேர்ந்த எண், பெரும்பாலும் புகழ்பெற்ற எண்ணாக இருக்கும்: பாதுகாக்கப்பட்டு இன்றும் ஓடும் எஞ்சின், பெயர் தாங்கிய எஞ்சின், சாதனை புரிந்த எஞ்சின். 1938 ஜூலை 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல் ஓடிய 'மல்லார்ட்' எத்தனை முறை மாதிரியாகச் செய்யப்பட்டிருக்கிறது! அதோடு ஒரே இனத்தில் பிறந்து, ஒரு நாளும் பத்திரிகையில் பெயர் வராமல் உழைத்த எஞ்சின்களை நினைவுகூரத் தொழிற்சாலைக்கு அவசியமும் இல்லை, அவகாசமும் இல்லை.

இப்போது சில உற்பத்தியாளர்கள் எண்ணே இல்லாத எஞ்சின்களை விற்கிறார்கள். வேண்டிய எண்ணைக் குறிப்பிட்டால் அச்சிட்டுத் தரும் சிறு தொழில்களும் இருக்கின்றன. ஆகவே பல்குச்சியும் பஞ்சும் தின்னரும் கொண்டு செய்யும் வேலை குறைந்துவிடலாம். அந்தக் கைத்திறன் குறைவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதை வளர்த்த மனப்பான்மை குறையாது என்று நம்புகிறேன். புகழ்பெற்றதை உலகம் தானாகவே காப்பாற்றிக்கொள்ளும். புகழ் இல்லாததை, அதை நேசித்த ஒருவர் தம் செலவிலும் தம் உழைப்பிலும்தான் காப்பாற்றவேண்டும். இரும்புக் கடையில் துண்டாகிப்போன ஒரு பிளாக் ஃபைவுக்கு இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது ஐந்து இலக்கமே. அந்த ஐந்து இலக்கத்தை ஆதாரம் தேடி, அளவு பார்த்து, பொய் கலவாமல் ஒரு சிறிய பக்கத்தகட்டின்மேல் மறுபடி எழுதுகிற மனிதர், சரித்திர ஆசிரியர் செய்யும் தொழிலையே தம் அளவில் செய்கிறார் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.